அரை மரம் அறுத்த காத்தண்ணாச்சி

போன வாரம் பட்டணத்து முச்சந்தி ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு லாரி பிரேக் போட்டது. போட்டுவிட்டு, நாள் முழுக்க உழைத்த மாடு படுக்கும்போது விடுமே, அப்படி ஒரு பெருமூச்சு விட்டது. ‘ஸ்ஸ்ஸ்...ப்பா.’ அவ்வளவுதான். முச்சந்தி போயிற்று, பட்டணம் போயிற்று. மூக்கில் நனைந்த கரிப்புகையும் விளக்கெண்ணெயும் ஏறின. முகத்தில் சாரல். கண் முன்னால் காத்தண்ணாச்சி.

உலகத்தில் காற்றை நம்பிக் கெட்டவர்கள் பல பேர். பாய்மரக்காரர்கள், பட்டம் விடுகிறவர்கள், மேடைப் பேச்சாளர்கள். ஆனால் காற்றைப் பிடித்து இரும்புப் பீப்பாயில் அடைத்து, ரப்பர் குழாய் வழியாக ஓட்டி, அதன் வாயில் பல்லை மாட்டி, ‘போ, போய் மரத்தைக் கடி’ என்று ஏவிவிட்ட மனிதர் தாமிரபரணிக்கு வடக்கே அவர் ஒருவர்தான். தெற்கேயும் அவர் ஒருவர்தான் என்று அவரே சொல்லுவார்.

உலகச் சண்டை முடிந்த சமயம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு மரக்கடையில் நான் வேலை பார்த்தேன். மலைக்கு மேற்கிலிருந்து வந்து இறங்கும் உருட்டு மரத் தடிகளுக்குக் கயிறு போட்டுச் சுற்றளவு எடுத்து, அவற்றின் நெற்றியில் தாரால் நம்பர் எழுதுகிற வேலை. அந்தக் கடைக்கு அடுத்த வளவு வீட்டில்தான் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியாது.

அஸ்ஸாம் காட்டில் பட்டாளத்துக்கு ரோடு போட்ட கூட்டத்தில் நாலு வருஷம் இருந்தவர். மற்றவர்கள் அங்கிருந்து மலேரியாவோடு திரும்பினார்கள். இவர் காதலோடு திரும்பினார். சண்டை ஓய்ந்ததும் பட்டாளம் வேண்டாமென்று ஏலம் விட்ட சாமான்களில் அவருடைய காதலியும் இருந்தாள். கூட்ஸ் வண்டியில் வந்து தென்காசி ஸ்டேஷனில் இறங்கினாள். நாலு ஜோடி மாடு கட்டி இழுத்து வந்தார்கள். ரோட்டு ஓரத்தில் நின்றவர்கள் தேர் என்று நினைத்து எட்டிப் பார்த்து, பீரங்கி என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டார்கள்.

அதுதான் காத்து இஞ்சின். நாலு இரும்புச் சக்கரத்தில் நிற்கும் குட்டி ரயில். அதிலிருந்து மலைப்பாம்பு பருமனில் ஒரு கறுப்பு ரப்பர் குழாய் கிளம்பும். குழாயின் மறு முனையில் ரம்பம். ரம்பம் என்று அவர் சொன்னது ஒரு முதலை. ஆள் உயரத்துக்கு நீட்டிய இரும்பு நாக்கு. நாக்கைச் சுற்றி சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி. சங்கிலி முழுக்கப் பல். பிடியில் ஒருவரும் நுனியில் ஒருவருமாகப் பிடிக்க வேண்டும்.

“பெட்ரோல்ல ஓடுத ரம்பமும் இருக்கு தம்பி,” என்றார் முதல் நாளே என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு. “நாலு தூத்தல் பட்டா இருமும். நல்ல மழை பட்டா செத்துப்போகும். இது அப்படியில்ல. தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டே அறுக்கும். நம்ம ஊருக்குன்னே செஞ்சது. மழை எங்கன இருக்கு?”

“குத்தாலத்துல.”

“மரம்?”

“குத்தாலத்துல.”

“காத்து?”

“குத்தாலத்துல அண்ணாச்சி.”

“பெறவென்ன!” என்று கையை விரித்தார். மலையும் அருவியும் சாரலும் அந்த விரித்த கைக்குள் அடங்கிவிட்டது போல எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றியது. அவர் பேச்சில் அப்படி ஒரு காற்றோட்டம்.

காற்று இனாம்தான். அதைப் பீப்பாய்க்குள் அமுக்க இஞ்சின் ஓட வேண்டும். இஞ்சினோ பெட்ரோல் குடிக்கும். பெட்ரோல் அந்த நாளில் கலெக்டருக்கே சங்கில் அளந்துதான் ஊற்றினார்கள். அண்ணாச்சி அசரவில்லை. பஸ்களெல்லாம் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடிய காலம் அது. செத்துப்போன ஒரு கரி பஸ்ஸின் அடுப்பைக் கழற்றி வந்து இஞ்சினுக்கு மாட்டினார். மாட்டி முடித்து நிமிர்ந்தபோது எதிரே குழி மைதீன் நின்றுகொண்டிருந்தார்.

குழி மைதீன் எங்கள் கடையின் அறுப்புக்காரர். தரையில் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, குறுக்கே தடியை ஏற்றி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று நீள ரம்பத்தை ஏற்றி இறக்கிப் பலகை அறுப்பார்கள். மேலே நிற்பவன் அவருடைய மச்சான் காசிம். குழிக்குள்ளே மைதீன். இருபது வருஷமாக மரத்தை அடிவயிற்றிலிருந்து பார்த்தவர். தலையில் எந்நேரமும் மரத்தூள். கண் இமையில் கூட மரத்தூள். வாயில் எந்நேரமும் கிண்டல்.

“அண்ணாச்சி, ஒரு சந்தேகம் கேக்கலாமா?”

“கேளும்வே.”

“இந்த ரம்பம் எதுக்கு?”

“மரம் அறுக்க.”

“அதுக்கு என்ன வேணும்?”

“காத்து.”

“காத்துக்கு?”

“இஞ்சின்.”

“இஞ்சினுக்கு?”

“கரி.”

“கரிக்கு?”

அண்ணாச்சி கொஞ்ச நேரம் மேற்கே மலையைப் பார்த்தார். “மரம்,” என்றார்.

“அந்த மரத்தை யாரு அறுப்பா?”

“நீருதாம்வே அறுத்துத் தரணும்!” என்றார் அண்ணாச்சி, கொஞ்சமும் கூச்சப்படாமல். மைதீன் சிரித்த சிரிப்பில் இமையிலிருந்த மரத்தூள் எல்லாம் உதிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து இரண்டு பேரும் சேக்காளிகள். ஒருவரை ஒருவர் ஏசாமல் ஒரு நாள் போனால் அன்றைக்கு இரண்டு பேருக்கும் சோறு செரிக்காது.

முதல் ஒத்திகை எங்கள் கடையிலேயே நடந்தது. பிடியில் அண்ணாச்சி, நுனியில் காசிம். இஞ்சின் கனைத்தது, குழாய் விறைத்தது, முதலை உறுமியது. பல் மரத்தில் பட்டதுதான் தாமதம், காசிம் தன் பக்கம் இழுத்தான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பத்து வயதிலிருந்து ரம்பம் என்றால் இழுக்கிறதும் விடுகிறதும்தான். கை கேட்குமா?

“ஏலே, இழுக்காதலே! சும்மா புடி!”

“சும்மா புடிக்கதுக்கு எதுக்கு அண்ணாச்சி ஆளு?” என்று கேட்டுக்கொண்டே இன்னொரு இழுப்பு இழுத்தான். சங்கிலி கழன்றது. விர்ரென்று பறந்து, அடுத்த வளவு முருங்கை மரத்தில் மாலை போல விழுந்து தொங்கியது. ஒரு மரத்துக்கு மாலை போட்ட ரம்பத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். கீழே தடியில் நாலு விரல் ஆழம் அறுபட்டிருந்தது. அண்ணாச்சி அந்தப் பிளவுக்குள் விரலை விட்டு நீளத் தடவினார். “கண்ணாடி மாதிரி இருக்கு பாரு,” என்றார் என்னிடம். இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது குற்றாலம். ஆனி மாதம், சாரல் வெளுத்து வாங்குகிறது. ஒரு விடுதியின் பின்வாசலில் பெரிய மரம் ஒன்று குறுக்கே விழுந்து, வருகிறவர்கள் குளிக்கப் போகிற வழியை அடைத்துக்கொண்டது. அண்ணாச்சி தகவல் கேட்டதும் மாப்பிள்ளை மாதிரி புறப்பட்டார். மாடு இழுக்க, இஞ்சின் உருள, பின்னால் நாங்கள். உடம்பெல்லாம் எண்ணெய் மினுங்கத் துண்டோடு நின்ற கூட்டம் அருவியை மறந்துவிட்டு இங்கே கூடியது.

ரம்பம் இரண்டு நிமிஷம் பிரமாதமாக ஓடியது. பிறகு ‘ஹக்’ என்றது. ‘ஹுக்’ என்றது. நின்றது. பார்த்தால், அது மூச்சு விடும் துவாரத்தைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது.

“ஐஸ்லே! ஐஸ்!” என்று ஒருவன் கத்தினான்.

விஷயம் இதுதான். அடைத்து வைத்த காற்று விடுதலையாகிற அவசரத்தில் தன் சூட்டையெல்லாம் உதறிவிட்டு ஓடும். சாரல் காலத்துக் காற்றிலோ ஈரம் சொட்டும். அந்த ஈரம் துவாரத்திலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். அஸ்ஸாமில் இப்படி நடந்ததில்லையா என்று கேட்டேன். “அங்கன கரி இல்ல தம்பி, பெட்ரோல். காத்து தம் கட்டி வரும், ஐஸைத் துப்பிரும்,” என்றார். நம்முடைய கரிக்காற்றுக்குத் துப்பவும் சீவன் இல்லை.

ஆனால் கூட்டத்துக்கு இந்த விஞ்ஞானம் எதற்கு? ஐஸைத் தொட்டுப் பார்த்தது. கன்னத்தில் வைத்துப் பார்த்தது. சர்பத் கடைக்காரர் ஒருவர் ஓடி வந்தார். “அண்ணாச்சி, இன்னும் வருமா?” என்றார். அண்ணாச்சிக்கு மறுக்கத் தெரியாது. ஓட்டி ஓட்டி, சுரண்டிச் சுரண்டி, ஒரு கும்பா நிறையக் கொடுத்தார். சங்கிலிக்கும் ரம்பத்தின் உள்ளுக்கும் அவர் விளக்கெண்ணெய்தான் விட்டிருந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் குற்றாலத்தில் அருவிக்குப் போன கூட்டத்தைவிடப் புதர் மறைவுக்குப் போன கூட்டம் அதிகம். மரம் பாதியில் நின்றது. மீதிப் பாதியை மறுநாள் மைதீனும் காசிமும் வந்து கைரம்பத்தால் அறுத்துத் தள்ளினார்கள்.

“உம்ம ரம்பத்துக்குச் சளி புடிச்சிருக்குவே,” என்றார் மைதீன். “சுக்கு வெந்நி குடும்.”

அவர் கேலியாகச் சொன்னார். அண்ணாச்சி நிஜமாகவே கொடுத்தார். அடுத்த மரத்துக்கு ஒரு அடுப்பும் வெந்நீர்ப் பானையும் கூடப் போயின. துவாரம் உறைகிறபோதெல்லாம் ஒரு செம்பு வெந்நீர். இப்போது கணக்குப் பாருங்கள்: கரி விசிற ஒருவர், இஞ்சினுக்கு ஒருவர், குழாய் தாங்க ஒருவர், வெந்நீருக்கு ஒருவர், ரம்பம் பிடிக்க இரண்டு பேர். ஆறு பேராகச் சேர்ந்து அரை மரம் அறுத்தார்கள். மீதி அரையை இரண்டு பேர் வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டே முடித்தார்கள்.

அந்தச் சாரலும் அடுத்த சாரலுமாக ஏழு மரம். ஏழும் பாதி. சூடு அதிகமாகி ஒன்று, சூடு இல்லாமல் ஒன்று, கரி நனைந்து ஒன்று, குழாயில் எலி குடும்பம் நடத்தியதால் ஒன்று. அண்ணாச்சி தோற்றுப்போனேன் என்று சொன்னதே கிடையாது. “முக்கால் ஆயிட்டு” என்பார். அவருக்கு லாபம் என்று அந்த இஞ்சினால் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். சாரல் நாளில் துணி காயாது இல்லையா? அண்ணாச்சியின் சம்சாரம், எங்களுக்கெல்லாம் மதினி, அவருடைய வேட்டியையும் தன் சேலையையும் இஞ்சினின் வயிற்றில் விரித்துக் காயப்போட்டுவிடுவாள். “இதுக்காவது ஆச்சே மகராசி,” என்று அதைத் தட்டிக்கொடுப்பாள்.

ஆனால் ஒரு தடவை நான் பார்த்துவிட்டேன். ஆளில்லாத மத்தியானம். பாதி அறுத்துப் போட்டிருந்த ஒரு தடிக்கு எதிரே அவர் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்த வழவழப்பான வெட்டு எங்கே முடிகிறதோ அங்கே விரலை வைத்து, வெறும் மரத்தின் மேல் கோடு இழுத்துக்கொண்டே போனார். மறு பக்கத்தைத் தொட்டதும் நிறுத்தினார். என்னைப் பார்த்ததும் எழுந்து துண்டை உதறிக்கொண்டார்.

“ஒண்ணு போதும் தம்பி,” என்றார். “முழுசா ஒண்ணு. அதுக்குப் பெறவு நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

ஆடி பிறந்து மழை வேறு மாதிரி இறங்கியது. சாரலுக்கு நாணம் உண்டு, தொட்டுவிட்டு ஓடிவிடும். இது நாணம் கெட்ட மழை. கடைக்குப் பக்கத்து வாய்க்கால் கரை முட்ட ஓடியது. மூன்றாம் நாள் காலையில், குழிக்குக் குறுக்கே ஏற்றியிருந்த வேங்கைத் தடிக்குக் கீழே மைதீன் நின்றுகொண்டிருந்தபோது, ஊறிப்போன குழிக்கரை ஒரு பக்கம் சரிந்தது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. தடியின் ஒரு தலை கரை மேலேயே நின்றது. இன்னொரு தலை சறுக்கி உள்ளே இறங்கி, மைதீனின் வலது காலைக் குழிச் சுவரோடு சேர்த்து அமுக்கிக்கொண்டது. மேலே நின்ற காசிம் தூரப் போய் விழுந்தான். ஓடிப் பார்த்தோம். மைதீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் சுண்ணாம்பு. காலடியில் வாய்க்கால் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் கணுக்கால். வெற்றிலை ஒரு தடவை மென்று துப்புகிற நேரத்தில் முழங்கால்.

எட்டுப் பேர் சேர்ந்து தடியைத் தூக்கப் பார்த்தோம். வேங்கை அசையுமா? கயிறு கட்டி இழுக்கலாம் என்றார் ஒருவர். “இழுத்தா நெஞ்சுக்கு வந்துரும்வே!” என்று குழிக்குள்ளிருந்து மைதீனே தடுத்தார். கோடாலி வீச இடம் இல்லை. மறு பக்கம் ஓர் ஆள் ஒட்டி நிற்கலாம், கைரம்பத்தை இழுத்து விட இடம் போதாது. யானைக்கு ஆள் அனுப்பினோம். யானை மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அப்போது அடுத்த வளவில் இஞ்சின் கனைத்தது.

யாரும் எங்களை விசிறச் சொல்லவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கடையிலிருந்த அத்தனை பேரும் ஓடிப் போய் ஆளுக்கொரு விசிறி, முறம், வெறும் பலகை என்று எது கிடைத்ததோ அதை வைத்து அந்தக் கரி அடுப்பை விசிறினோம். மழைக்குக் குடையாக மதினி ஒரு தகரத்தைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றாள். தடியைக் குறுக்கே அறுத்து, காலை அமுக்கிய துண்டைப் பிரித்துவிட, அண்ணாச்சி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு முதலையோடு குழிக்குள் இறங்கினார். நுனியைப் பிடிக்கக் காசிம் இறங்கினான்.

மைதீன் அண்ணாச்சியைப் பார்த்தார். முழங்காலுக்கு மேல் தண்ணீர், ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“இன்னைக்காவது முழுசா அறுத்துருவீரா, இல்ல என்னையும் பாதியில விட்டுட்டுப் போயிருவீரா?”

“வாய மூடும்வே,” என்றார் அண்ணாச்சி. பல்லைத் தடியில் வைத்தார்.

ரம்பம் தண்ணீருக்குள் பாதி முங்கிக்கொண்டு உறுமியது. குமிழ் குமிழாகக் கொப்பளித்தது. வெந்நீரே தேவைப்படவில்லை. வாய்க்கால் தண்ணீர் சுற்றி நின்றதால் ஐஸ் பிடிக்க இடமே இல்லை. அவர் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் நிஜம். காசிம் பல்லைக் கடித்துக்கொண்டு, இழுக்காமல், சிலை மாதிரி பிடித்திருந்தான். மரத்தூள் செக்கச்செவேலென்று தண்ணீரில் வழிந்தது. கால் பங்கு. பாதி. பாதியைத் தாண்டிற்று. பாதியைத் தாண்டியதும் அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். மழையா கண்ணீரா, தெரியவில்லை. முக்கால். இப்போது நிஜமான முக்கால்.

தண்ணீர் மைதீனின் இடுப்புக்கு வந்துவிட்டது. அவர் தலையைச் சாய்த்துத் தடியில் காதை வைத்தார். இருபது வருஷம் மரத்துக்குக் கீழே நின்ற காது.

“நிறுத்தும்வே!”

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

“நிறுத்தும்! மரம் பேசுது. கரையில தொங்கிக்கிட்டுதான் இந்தத் துண்டு என்னை நசுக்காம நிக்கி. அறுத்து விட்டீர்னா அம்புட்டும் எம்மேல எறங்கும்!”

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு விரல் அகலம்தான். ஏழு மரத்தில் எத்தனையோ காரணத்துக்காகத் தானாக நின்றுபோன ரம்பம், இன்றைக்கு நிற்கிற எண்ணமே இல்லாமல் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி நிறுத்தினார். அவராகவே நிறுத்தினார். காற்று வரும் திருகை மூடினார். அந்தப் பெருமூச்சு வந்தது: ‘ஸ்ஸ்ஸ்...ப்பா.’

 அவர் ரம்பத்தைப் பார்த்தார், தடியைப் பார்த்தார், கையிலிருந்த குழாயைப் பார்த்தார். சட்டென்று ரம்பத்திலிருந்து குழாயைக் கழற்றி எறிந்தார்.

“லாரி டியூப் ஒண்ணு கெடந்துச்சே, எங்கன? எடுத்துட்டு வாங்கலே! தார்ப்பாயி! ரெண்டு பலகை! ஓடுங்க!”

கொண்டு வந்தோம். டியூபை மடித்துத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டி, மைதீனின் காலுக்கு அருகில், கீழே பலகை மேலே பலகை வைத்துத் தடிக்கு அடியில் செருகினார். குழாயின் வாயை டியூபின் வாயோடு சேர்த்துக் கையாலேயே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “விடுங்க காத்தை!”

தார்ப்பாய் புடைத்தது. பலகை முனகியது. எட்டுப் பேருக்கு அசையாத வேங்கைத் தடி, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவன் மாதிரி, ஒரு விரல் உயர்ந்தது. காசிம் ஒரு ஆப்பைச் செருகி அடித்தான். இன்னொரு விரல். இன்னொரு ஆப்பு. மூன்றாவது விரலில் மைதீன் ‘யா அல்லாஹ்’ என்று ஒரு அலறல் அலறினார். கால் வந்துவிட்டது.

கரைக்குத் தூக்கிப் போட்டதும் டியூப் வெடித்தது. ஆப்புகளைத் தெறிக்கவிட்டுத் தடி தொபீரென்று குழியில் உட்கார்ந்தது. சற்று முன்பு மைதீன் நின்ற இடத்தில்.

இலஞ்சி வைத்தியர் வந்து மூங்கில் பட்டை வைத்துக் காலைக் கட்டினார். ஊர் முழுக்க அண்ணாச்சியைக் கொண்டாடியது. எப்படி என்கிறீர்கள்? “காத்தாலேயே மரத்தைத் தூக்குன மகராசன்” என்று. ரம்பத்தைப் பற்றி ஒரு வாய்கூடப் பேசவில்லை. பஞ்சர் ஒட்டுகிறவர்களும் வண்டிக்குக் காற்றடிக்க வேண்டியவர்களும் மரியாதையோடு அவர் வாசலில் வந்து நின்றார்கள். அவர் எல்லாருக்கும் காற்றடித்துக் கொடுத்தார். முகத்தில்தான் காற்று இறங்கியிருந்தது.

கார்த்திகையில் மலைக்கு மேற்கே பாறை உடைக்கிற காண்டிராக்டர் ஒருவர் வந்தார். இஞ்சினைப் பார்த்துவிட்டு, இஞ்சினும் வேண்டும், அதை ஓட்ட அண்ணாச்சியும் வேண்டும், பாறையில் துளை போடக் காற்று வேண்டும், ரம்பம் மட்டும் வேண்டாம் என்றார். மதினிக்குச் சம்மதம். இஞ்சின் கூட்ஸ் வண்டியில் முன்னால் போய்விட்டது. மறுநாள் காலை செங்கோட்டை வண்டிக்கு அண்ணாச்சியும் மதினியும் தென்காசி ஸ்டேஷனில் நின்றார்கள். தோளில் சாக்குச் சுற்றிய முதலை. விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

வண்டி வந்து நின்ற பிறகுதான் மைதீன் வந்தார். கம்பு ஊன்றி, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து, பிளாட்பாரத்தின் கடைசியிலிருந்து. மாட்டு வண்டியில் வரச் சொல்லியிருந்தோம், கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து நீட்டினார். விளக்கெண்ணெய்.

“ரம்பத்துக்கு,” என்றார். “சர்பத்துல ஊத்திராதேயும்.”

அண்ணாச்சி வாங்கிக்கொண்டார். சிரிக்க முயன்றார். மதினி ஏறிவிட்டாள். கார்டு கொடியை விரித்தார். அண்ணாச்சி படியில் ஒரு காலை வைத்தபடி, குனிந்து, எனக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்தவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்:

“அன்னைக்கு இன்னும் ரெண்டே ரெண்டு விரல்தாம்வே இருந்துச்சு.”

மைதீன் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

“தெரியும்வே. அதனாலதான நடந்து வந்திருக்கேன். ஏறும், வண்டி கெளம்புது.”